பிறப்பை வணங்க வைத்த பௌத்தம்: மங்கோலியரின் கலையும் அதிகாரமும்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பட்டு நெசவு இருக்கிறது. எட்டு அடி உயரம், ஏறக்குறைய ஏழு அடி அகலம். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் என்றே தோன்றும். கிட்டே போனால்தான் தெரியும், அத்தனையும் தறியில் இழை இழையாக நெய்தது. நடுவில் எருமைத் தலையோடும் பல கைகளோடும் நிற்பவர் யமாந்தகர்; யமனுக்கே முடிவு கட்டுகிற பௌத்தத் தெய்வம். அவரைச் சுற்றி மண்டலம். அடியில் ஒரு மூலையில் இரண்டு ஆண்கள், மறு மூலையில் இரண்டு பெண்கள், வழிபடும் கோலத்தில் இருக்கிறார்கள். அவரவர் பெயர் திபெத்திய எழுத்தில் நெய்யப்பட்டிருக்கிறது.

அந்த ஆண்கள் இருவரும் அண்ணன் தம்பி. சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் வம்சத்துப் பேரரசர்கள். அண்ணன் கோசிலா, தம்பி துக் தெமூர். பெண்கள் அவர்களின் மனைவியர். 1329இல் அண்ணன் அரியணை ஏறித் தலைநகர் நோக்கி வந்தான். வழியில் தம்பியைச் சந்தித்தான். சந்தித்த சில நாளில் செத்துப்போனான். தம்பியின் தரப்பு நஞ்சு வைத்துக் கொன்றது என்றே வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள். தம்பி மறுபடியும் பேரரசன் ஆனான். அதற்குப் பிறகு, 1330 வாக்கில், நெய்யப்பட்டது இந்தப் பட்டு. அண்ணன் சாவில் சந்தேகிக்கப்படுகிற தம்பி, அந்த அண்ணனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மரணத்தை வெல்லும் தெய்வத்தின் காலடியில் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

இதை நெய்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

பௌத்தக் கலை என்றாலே கருணை, அமைதி, மூடிய கண், மெல்லிய புன்னகை என்றுதான் பேசுகிறோம். அந்தப் புன்னகை நமக்கும் பிடித்ததுதான். சாதி இந்துக் கடவுளர் கூட்டத்தைவிட்டு வெளியே வந்த நமக்கு அந்த முகம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சிலையைச் செய்யச் சொன்னவன் யார், செய்தவன் யார், யாருக்காகச் செய்தான் என்று கேட்காமல் அந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். அதற்கு மங்கோலியரின் வரலாற்றைவிட நல்ல சாட்சி இல்லை. புத்தரின் உருவத்தை வாரி வாரி வழங்கி, புத்தர் எதை மறுத்தாரோ அதையே, பிறப்பால் வரும் உயர்வையே, அங்கே அதிகாரம் புனிதமாக்கிக்கொண்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மங்கோலியாவில் நாம் அனுபவிக்கிற சாதி இருந்தது என்று நாம் வாதிடவில்லை. தீண்டாமையை அங்கே கொண்டுபோய் ஒட்டவைக்கவும் இல்லை. ஆனால் பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கும் வேலை அங்கேயும் நடந்தது. செங்கிஸ் கானின் குருதியில் வந்தவர்கள் 'வெள்ளை எலும்பு'. மற்ற குடிகள் 'கறுப்பு எலும்பு'. எலும்பிலேயே உயர்வு தாழ்வு இருப்பதாகச் சொல்லும் சமூகத்தை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

வென்றவனுக்கு ஒரு சக்கரவர்த்திப் பட்டம்

செங்கிஸ் கான் 1206இல் புல்வெளி இனக்குழுக்களின் தலைவனானபோது அவனுக்கு அதிகாரம் கொடுத்தது நீல வானம், அதாவது தெங்ரி. வானம் எங்களுக்கு உலகைக் கொடுத்தது, பணியாதவன் வானத்தை எதிர்க்கிறான்: இதுதான் அந்த அரசின் இறையியல். குதிரைமேல் இருக்கும்வரை அது போதும். ஊர்களையும் வயல்களையும் கோடிக்கணக்கான குடிகளையும் உட்கார்ந்து ஆளவேண்டி வந்தபோது அது போதவில்லை.

1240இல் மங்கோலியப் படை திபெத்துக்குள் புகுந்து மடங்களை எரித்தது, துறவிகளைக் கொன்றது. அதன் பிறகுதான் சாக்கிய மடத்தின் தலைவர் சாக்கிய பண்டிதர் மங்கோலிய இளவரசன் கோதனின் அழைப்பை ஏற்று, தம்பி பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். 1247இல் லியாங்ஜோவில் சந்திப்பு நடந்தது. அழைப்பு என்று பெயர். மறுத்தால் என்ன ஆகும் என்பது எரிந்த மடங்களிலேயே எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் குப்லாய் கானின் குருவான பாக்பா.

குப்லாய் பாக்பாவை 1260இல் தேசத்தின் குருவாகவும், 1270 வாக்கில் பேரரசின் குருவாகவும் ஆக்கினான். தனியறையில் உபதேசம் கேட்கும்போது குரு உயர்ந்த இருக்கையில், அரசவையில் மன்னன் உயர்ந்த இருக்கையில் என்று இருவருக்கும் ஒப்பந்தம் ஆனதாகத் திபெத்திய வரலாறுகள் சொல்கின்றன. கைம்மாறாகத் திபெத்தின்மீது சாக்கிய மடத்துக்கு அதிகாரம் கிடைத்தது. மன்னனுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. பாக்பா 1278இல் பட்டத்து இளவரசனுக்காக எழுதிய நூலில், பௌத்த மரபு சொல்லும் சக்கரவர்த்திகளின் வரிசையில் மங்கோலிய மன்னர்களைக் கொண்டுவந்து வைத்தார். அரியணைக்கு மேலே வெண்குடை வைக்கச் சொன்னதும் அவரே. படையெடுப்பாளன் தருமத்தைக் காக்கும் மன்னன் ஆனான்.

இதைக் கல்லிலும் உலோகத்திலும் ஊருக்கு அறிவித்தது கலை. நேபாளத்துப் பாட்டன் நகரின் கைவினைஞர் அனிகோ, 1260இல் எண்பது கலைஞர்களை வழிநடத்திக்கொண்டு திபெத்துக்குத் தூபி கட்டப் போனார். அங்கிருந்து குப்லாயின் அவைக்கு அனுப்பப்பட்டார். 1271இல் தொடங்கி 1279இல் முடித்த அவருடைய வெள்ளைத் தூபி இன்றும் பெய்ஜிங்கில் நிற்கிறது, ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில். 1279தான் தெற்குச் சோங் அரசு முற்றாக அழிந்த ஆண்டு. அந்தப் போருக்கு முன்பே மகாகாலனுக்கு ஒரு கோயில் எழுப்பினார்கள். அதில் அனிகோ செய்த சிலையைத் தெற்கு நோக்கி, சோங் நாட்டை நோக்கி நிறுத்தினார்கள் என்கின்றன திபெத்திய நூல்கள். வெற்றி மகாகாலன் தந்ததாயிற்று. செத்தவர்கள் கணக்கில் வரவில்லை.

பெய்ஜிங்குக்கு வடக்கே ஜூயோங் கணவாயில் 1342க்கும் 1345க்கும் இடையில் கட்டிய கல்மேடை ஒன்று இருக்கிறது. அதன் வளைவுக்குள் நான்கு திசைக் காவல் தெய்வங்கள் கவசமணிந்து, பூதங்களை மிதித்தபடி நிற்கிறார்கள். சுவரில் சமஸ்கிருதம், திபெத்தியம், மங்கோலியம், உய்குர், தங்குத், சீனம் என்று ஆறு மொழிகளில் பௌத்த வாசகங்கள். இதைப் பன்மொழிச் சமத்துவம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த அரசு தன் குடிகளை நான்கு தரமாகப் பிரித்து வைத்திருந்தது. முதலில் மங்கோலியர், அடுத்து மேற்கிலிருந்து வந்தவர்கள், மூன்றாவது வடசீனர், கடைசியில் தென்சீனர். பதவியும் தண்டனையும் அந்தத் தரத்தைப் பார்த்தே. கல்வெட்டில் எல்லா மொழிக்கும் இடம் கொடுத்த அரசு, கச்சேரியில் எல்லா மனிதனுக்கும் ஒரே இடம் கொடுக்கவில்லை.

கைவினைஞனின் மகன் கைவினைஞன்

அந்தப் பட்டை நெய்தவர்களிடம் வருவோம். மங்கோலியப் படை ஓர் ஊரைப் பிடித்தால் கைவினைஞர்களைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்ளும். 1220இல் சமர்கந்து வீழ்ந்தபோது முப்பதாயிரம் கைவினைஞர்களைப் பொறுக்கி எடுத்து, செங்கிஸ் கானின் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். கால்நடையைப் பங்கு வைப்பதுபோல. நெசவாளர்களை ஊர் ஊராகப் பெயர்த்துக்கொண்டுபோய் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் குடிவைத்தார்கள். வண்ணப் பட்டும் பொன்னிழைத் துணியும் அப்படித்தான் உருவாயின.

யுவான் ஆட்சியில் இது சட்டமாகவே ஆனது. குடும்பங்களைத் தொழில்வாரியாகப் பதிவேட்டில் ஏற்றினார்கள். படைக்குடி, உப்புக்குடி, கைவினைக்குடி என்று. பதிவானவன் பிள்ளையும் அதே தொழில்தான் செய்யவேண்டும். அந்தக் கைவினைக்குடிகளுக்கெல்லாம் 1273இல் தலைமை அதிகாரியானவர் அதே அனிகோ. பெருங்கலைஞர் அவர், சந்தேகமில்லை. ஆனால் எளிய குடிகள் அவர் கீழ் அப்பன் தொழிலை மகன் செய்யும் விதியில் கட்டுண்டு கிடந்தார்கள். குலத்தொழில் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு முதுகு சிலிர்க்கிறது. அங்கே அதற்கு மனுதர்மம் தேவைப்படவில்லை. ஒரு பதிவேடும் ஒரு படையும் போதுமாக இருந்தன. அந்தப் பதிவேட்டின் மேல்தான் புத்தர்கள் அமர்ந்தார்கள்.

தோற்ற மக்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஹாங்ஜோ சாட்சி. தெற்குச் சோங் அரசின் தலைநகரம் அது. வெற்றிக்குப் பின் அங்கே பௌத்த நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்ட துறவி அதிகாரி யாங் லியன்ஜென்ஜியா, சோங் மன்னர்களின் கல்லறைகளைத் தோண்டிப் பொன்னை எடுத்தான். பழைய அரண்மனை இருந்த இடத்தில் தூபி எழுப்பினான். பக்கத்திலுள்ள ஃபெய்லாய் குன்றில் 1282 முதல் 1292 வரை திபெத்திய பாணியில் பல சிலைகள் செதுக்கப்பட்டன. சிலவற்றைச் செய்யச் சொன்னவன் இவனே. இன்று அவை உலகம் போற்றும் கலைச் செல்வம். ஆனால் இவனுடைய உருவம் என்று கருதப்பட்ட சிலையைப் பின்னாளில் மிங் காலத்துச் சீனர்கள் தலையை உடைத்து எறிந்தார்கள். புத்தர்மீது அவர்களுக்குப் பகை இல்லை. புத்தருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவனை அவர்கள் மறக்கவில்லை.

மறுபிறவி என்ற வாரிசுரிமை

யுவான் அரசு 1368இல் வீழ்ந்து மங்கோலியர் புல்வெளிக்குத் திரும்பினார்கள். இருநூறு ஆண்டு கழித்து அல்தான் கான் என்ற தலைவனுக்கு ஒரு சிக்கல் வந்தது. வலிமை இருந்தது, ஆனால் பேரரசன் பட்டம் மூத்த கிளைக்கு உரியது. பிறப்பில் கிடைக்காத பட்டத்தை எங்கே வாங்குவது? 1578இல் அவன் திபெத்தியத் துறவி சோனம் கியாட்சோவைக் கோகோநூர் ஏரிப் பகுதியில் சந்தித்தான். துறவிக்குத் 'தலாய் லாமா' என்ற பட்டத்தைக் கொடுத்தான். துறவி பாக்பாவின் மறுபிறவி என்றும், அல்தான் கான் குப்லாய் கானின் மறுபிறவி என்றும் அறிவிக்கப்பட்டது. அடுத்த தலாய் லாமா எங்கே பிறந்தார் தெரியுமா? அல்தான் கானின் குடும்பத்திலேயே, அவனுடைய கொள்ளுப்பேரனாக.

நியாயமாகப் பேசவேண்டும். அந்தச் சந்திப்பால் ஒரு பெரிய நன்மையும் விளைந்தது. பிரபு ஒருவன் செத்தால் அவனோடு மனைவியையும் அடிமையையும் குதிரையையும் கொல்லும் வழக்கத்துக்குத் தடை வந்தது. ஓர் அடிமையின் உயிரைக் காத்த மதத்தை நாம் இழிவாகப் பேசமாட்டோம்.

அதே வேளையில் வேறொன்றும் நடந்தது. எளிய மக்கள் கூடாரத்தில் வைத்துப் பால் படைத்து வணங்கிய 'ஒங்கோன்' என்ற கம்பளிப் பொம்மைகளை எரிக்க ஆணை வந்தது. அவற்றின் இடத்தில் ஆறு கை மகாகாலனை வைக்கச் சொன்னார்கள். வீட்டில் கையால் செய்த முன்னோர் உருவம் போய், மடத்தில் வாங்கவேண்டிய தெய்வம் வந்தது. கலை வரலாற்று நூல்களில் புதிய தெய்வத்தின் படம் இருக்கும். எரிந்த பொம்மைகளுக்குப் படம் இருக்காது.

நைச்சி தோயின் என்ற துறவியின் கதையை நம் தோழர்கள் கட்டாயம் அறியவேண்டும். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கு மங்கோலியாவில் பௌத்தத்தைப் பரப்பியவர் அவர். பொம்மைகளைக் குவித்து எரிக்க வைத்தவர்தான். ஆனால் யமாந்தகரின் மந்திரத்தை எளிய குடிகளுக்கும் மங்கோலிய மொழியிலேயே சொல்லிக்கொடுத்தார். உயர்ந்தவன் தாழ்ந்தவன் பாராமல் இரகசிய உபதேசத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார் என்று மற்ற லாமாக்கள் மஞ்சு அரசிடம் முறையிட்டார்கள். அவர் அங்கிருந்து ஹோஹ்ஹோட்டுக்கு அப்புறப்படுத்தப்பட்டார். வேதம் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நாட்டில் பிறந்த நமக்கு இந்தக் குற்றச்சாட்டின் ருசி தெரியும். பேரரசன் யமாந்தகரின் காலடியில் பட்டில் உட்காரலாம். ஆடு மேய்ப்பவன் அவர் பெயரை உச்சரித்தால் குற்றம்.

ஸனபஸாரின் பொன்

மங்கோலியக் கலை என்றால் முதலில் வரும் பெயர் ஸனபஸார் (1635–1723). கல்கா மங்கோலியரின் முதல் ஜெப்சுன்தம்பா, அதாவது தலைமை லாமா. அவர் செய்த தாராக்களும் ஐந்து தியானி புத்தர்களும் 1683இல் வார்த்த வஜ்ரதரரும் உலோகம் மூச்சுவிடுவதுபோல் இருக்கும். 1686இல் அவர் உருவாக்கிய சொயொம்போ எழுத்தின் முதல் குறிதான் இன்று மங்கோலியக் கொடியில் இருக்கிறது. மாபெரும் கலைஞர். அதில் நமக்கு வாதம் இல்லை.

ஆனால் அவர் யார் வீட்டுப் பிள்ளை? துஷேத் கான் கோம்போதோர்ஜின் மகன். செங்கிஸ் கானின் குருதி. எர்தெனி ஸூ மடத்தை எழுப்பிய அப்தாய் கானின் வழித்தோன்றல். நான்கு ஐந்து வயதில், 1639இல், மதத் தலைவராக அமர்த்தப்பட்டார். பிரபுக்கள் அவருக்குக் காணிக்கையாகக் குடும்பங்களைக் கொடுத்தார்கள். 'ஷாபி' என்று அவர்களுக்குப் பெயர். சீடர்கள் என்று பொருள். செய்த வேலை மடத்தின் மந்தையை மேய்ப்பதும், மடத்துக்குப் பாலும் கம்பளியும் கொடுப்பதும். பண்ணையடிமைக்குச் சீடன் என்று பெயர் வைத்த அழகை என்னவென்பது? 'ஹரிஜன்' என்று பெயர் சூட்டப்பட்ட நமக்கு இது புதிதல்ல.

அந்த உலோகத்தின் மேலிருக்கும் பொன்முலாம் வானத்திலிருந்து வரவில்லை என்பதே நம் வாதம். கலைஞரின் மேதைமையும் ஷாபிக் குடும்பத்தின் வியர்வையும் ஒரே சிலையில் கலந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது பொய்.

இனி மஞ்சுக்களைப் பார்ப்போம். அவர்கள் இந்த விளையாட்டை மங்கோலியரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். குப்லாய் காலத்துப் பொன் மகாகாலன் என்று சொல்லப்பட்ட சிலை 1635இல் தங்கள் கைக்கு வந்ததும், அதற்கு முக்தன் நகரில் கோயில் கட்டி, பேரரசே தங்களுக்குக் கைமாறியதாகக் காட்டினார்கள். 1691இல் கல்கா பிரபுக்கள் ஸனபஸாரோடு தோலோன்நூரில் காங்ஷி பேரரசருக்குப் பணிந்தார்கள். 1756இல் மங்கோலியாவில் கிளர்ச்சி வெடித்தது. இரண்டாம் ஜெப்சுன்தம்பாவும் செங்கிஸ் குருதிதான். அவர் 1757இல் இறந்ததும் சியன்லோங் பேரரசர் முடிவெடுத்தார்: இனி இந்த லாமா மங்கோலியாவில் மறுபிறவி எடுக்கக் கூடாது, திபெத்தில்தான் பிறக்கவேண்டும். அப்படியே பிறந்தார்கள். கடைசிவரை.

யார் எங்கே மறுபடி பிறப்பது என்பதற்கே அரசாணை! அந்தச் சியன்லோங்தான் தன்னை மஞ்சுஸ்ரீ போதிசத்துவராக வரைந்த தங்கா ஓவியங்களில் தாமரைமேல் அமர்ந்திருக்கிறார். 1792இல் அவர் பெய்ஜிங் யோங்ஹேகோங் கோயிலில் நான்கு மொழிகளில் ஒரு கல்வெட்டு வைத்தார். லாமாக்களை ஆதரிப்பது மங்கோலியரை அமைதியாக வைத்திருக்கத்தான் என்பதை ஒளிவுமறைவில்லாமல் அதில் பொறித்தார். பௌத்தக் கலைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வேடு தேடுகிறவர்கள் அந்தக் கல்லைப் படித்தால் போதும்.

துப்பாக்கி தீர்வாகவில்லை

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் இடித்துத் தள்ளவேண்டியதுதான் என்று யாராவது நினைத்தால், அதையும் மங்கோலியா பார்த்துவிட்டது. 1937 முதல் 1939 வரை, ஸ்டாலினின் அழுத்தத்தில் சொய்பல்சான் ஆட்சி நடத்திய வேட்டையில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அதில் பாதிக்கு மேல் லாமாக்கள். எழுநூறுக்கு மேற்பட்ட மடங்கள் அழிந்தன. சிலைகள் உருக்கப்பட்டன. அன்று மங்கோலிய ஆண்களில் மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வகையில் லாமாவாக இருந்தவர். பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பிரபுக்களின் மதத்தை ஒழிப்பதாகச் சொல்லி மேய்ப்பரின் பிள்ளைகளைச் சுட்டார்கள். சுதந்திரத்தின் அடையாளமாக 1910களில் கந்தன் மடத்தில் எழுந்த 26 மீட்டர் அவலோகிதேசுவரர் சிலையையும் பிரித்துக் கொண்டுபோனார்கள். 1990இல் அந்த ஆட்சி போனதும் மக்கள் நன்கொடை திரட்டி 1996இல் அதே சிலையை மறுபடி நிறுத்தினார்கள். மக்கள் நம்பிக்கையை மேலிருந்து சுமத்தவும் முடியாது, மேலிருந்து பிடுங்கவும் முடியாது.

நமக்கு அந்த நாட்டில் பிடித்த ஓவியம் வேறு. ஸனபஸாரின் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1910களில் மர்ஸான் ஷாரவ் வரைந்த 'மங்கோலியாவின் ஒரு நாள்'. மடத்தில் ஓவியம் கற்று, தங்கா வரையும் அதே முறையில் அவர் வரைந்தது மனிதர்களை. கம்பளி அடிக்கிறார்கள், பால் கறக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், குடித்துவிட்டு விழுகிறார்கள், பிறக்கிறார்கள், சாகிறார்கள். நடுவில் பெரிய தெய்வம் இல்லை. மூலையில் மன்னனும் இல்லை. துக் தெமூரின் பட்டில் இடம் கிடைக்காத கறுப்பு எலும்புக்காரர்கள் அத்தனைபேரும் இதில் இருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

பௌத்தத்தின் அழுக்கை நாமே வெளியே துவைக்கவேண்டுமா, எதிரிகளுக்கு இது தீனி ஆகாதா என்று நம்மவர்கள் சிலர் கேட்பார்கள். பாபாசாகேப் இந்தக் கேள்விக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அவர் நேராகக் கேட்கிற கேள்விகளில் இரண்டு: ஆன்மா இல்லை என்ற புத்தர் மறுபிறவியைச் சொன்னது எப்படி? பிக்கு என்பவர் தன்னளவில் நிறைவடைந்த மனிதரா, சமூகத் தொண்டரா? முற்பிறவி வினையால் இப்பிறவித் தாழ்வு என்ற கோட்பாட்டை அவர் பௌத்தத்துக்குள் நுழையவே விடவில்லை. ஏன் என்பதற்கு மங்கோலிய வரலாறு விளக்கம். மறுபிறவியை ஏற்றுக்கொண்டால், யாருடைய மறுபிறவி யார் என்று சொல்லும் உரிமையை அரண்மனை எடுத்துக்கொள்ளும். புத்தரின் சங்கத்தில் நாவிதர் உபாலி முதலில் துறவு ஏற்று, சாக்கிய இளவரசர்கள் அவரை வணங்கினார்கள் என்கிறது பௌத்த மரபு. மங்கோலியாவில் இளவரசன் லாமாவானான், குடிகள் வணங்கினார்கள். இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பேசாமல் பௌத்தத்தைக் காப்பாற்ற முடியாது.

இது பழங்கதையும் அல்ல. சீன அரசு 2007இல், மறுபிறவி லாமாக்களுக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. கடவுள் இல்லை என்று சொல்லும் கட்சி, சியன்லோங் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. 2016இல் தலாய் லாமா மங்கோலியா போனதற்காகச் சீனா அந்த ஏழை நாட்டை நெருக்க, இனி அவரை அழைக்கமாட்டோம் என்று மங்கோலிய அரசு சொல்லவேண்டி வந்தது.

இந்திய அரசும் சும்மா இல்லை. 2022 ஜூன் மாதம் கபிலவஸ்து புத்தர் எச்சங்களை விமானப்படை விமானத்தில் ஏற்றி, அரசு விருந்தினருக்குரிய மரியாதையோடு, ஒன்றிய அமைச்சர் தலைமையில் உலான்பாதருக்கு அனுப்பியது. பதினொரு நாள் கந்தன் மட வளாகத்தில் மங்கோலிய மக்கள் கண்ணீரோடு வணங்கினார்கள். அவர்கள் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் என்ன நடந்தது? ஆயிரக்கணக்கானோர் பௌத்தம் தழுவிய விழாவில் பாபாசாகேபின் இருபத்திரண்டு உறுதிமொழிகள் வாசிக்கப்பட்டன. அதில் கலந்துகொண்டதற்காக எழுந்த கூச்சலில் டெல்லி அமைச்சர் ராஜேந்திர பால் கௌதம் பதவி விலகினார். 2024இல் குஜராத் அரசு, இந்து மதத்திலிருந்து பௌத்தத்துக்கு மாற மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அங்கே பிறக்க அனுமதி. இங்கே மாற அனுமதி. புத்தரின் எலும்புக்கு விமானம் உண்டு. புத்தரின் பேச்சைத் திருப்பிச் சொன்னால் பதவி போகும்.

குப்லாய் முதல் இன்றுவரை அதிகாரத்துக்குப் புத்தரின் உருவம் வேண்டும். அவர் சொன்னது வேண்டாம். உருவம் வாய் திறக்காது, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லாது.

நம் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் விகாரைகள் எழுந்துகொண்டிருக்கின்றன. சிலைகள் வரும். வரட்டும். கூலிக்குக் கல் சுமந்தவர் பெயரும், சிற்பியின் பெயரும், நூறு ரூபாய் கொடுத்த ஆயாவின் பெயரும் சுவரில் இருக்கட்டும். பிள்ளைகள் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். பெரிய நன்கொடையோடு பெரிய மனிதர்களும் வருவார்கள், பட்டுத் துணியின் மூலையில் உட்காருவதுபோல் உட்கார இடம் தேடுவார்கள். அடுத்த முறை ஒரு தலைவர் புத்தர் சிலையைத் திறந்துவைக்க வந்தால், அதே மேடையில் இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் உரக்க வாசிப்போம். கடைசி உறுதிமொழிவரை அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்போம்.

ஜெய் பீம்.